ஆயாவின் பட்டுச் சேலையில் மூன்று காலத்து கவுன்: வெட்டும் முறையும் தைக்கும் முறையும்

தருமபுரியில் நான் நடத்தும் தையல் கடைக்கு, பாட்டியின் கல்யாணச் சேலையைப் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, "இதை ஏதாவது பண்ணிக் கொடுங்க அக்கா, ஆயா ஞாபகமா போட்டுக்கணும்" என்று கேட்கும் பெண்கள் இப்போது அதிகம் வருகிறார்கள். அப்படிப்பட்ட சேலைக்கு நான் பெரும்பாலும் சொல்வது, மூன்று வெவ்வேறு காலத்து உடைகளின் சாயலை ஒன்றாகச் சேர்த்த, கணுக்கால் வரையிலான ஒரு கவுன்தான். மார்புக்குச் சற்றுக் கீழேயே இடுப்புத் தையல் அமையும் மேலுடல் ஐரோப்பாவில் 1795 முதல் 1820 வரை வழங்கியது. மேலே உப்பி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒட்டிப் பிடிக்கும் கை 1830-களில் வந்து, மறுபடியும் 1895-ஐ ஒட்டி உச்சத்திற்குப் போனது; அதன் வடிவத்தைப் பார்த்து ஆங்கிலேயர்கள் ஆட்டுத் தொடையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கீழ்ப்பகுதி நம் வீட்டுப் பட்டுப்பாவாடை.

உயர்ந்த இடுப்பு கவுன் நமக்கு முழுக்க அந்நியமானதன்று. வங்காளத்தில் நெய்த மெல்லிய மஸ்லின் துணிதான் அந்தக் காலத்து வெள்ளை கவுன்களுக்குக் கப்பலேறிப் போயிற்று. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாரமகால், 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு மாறியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

முதலில் சேலையைச் சோதிக்க வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மடிப்புக் கோட்டில் இற்றுப் போயிருக்கும். சேலையை ஜன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் இரு கட்டைவிரல்களுக்கு இடையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; இழை விலகி வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, வெட்டும்போது தவிர்த்துவிடுங்கள். நான் முதன்முதலில் தைத்த கவுனில் இதைச் செய்யாமல், மடிப்புக் கோடு அக்குள் வளைவில் விழும்படி வெட்டிவிட்டேன். அளவு பார்க்க அந்தப் பெண் கையைத் தூக்கியவுடன், சரக்கென்று நான்கு அங்குலத்திற்குக் கிழிந்தது. அது அவருடைய ஆயாவின் முகூர்த்தச் சேலை. அன்றிலிருந்து, எவ்வளவு உறுதியான பட்டாக இருந்தாலும், மேலுடலுக்கும் கைக்கும் மல் துணியில் லைனிங் கொடுத்து, இரண்டையும் சேர்த்து டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிக நீளத் தையல்) போட்ட பிறகே தைக்கிறேன்.

அளவுகளை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். உயரம் ஐந்தேகால் அடி, மார்பு 36 அங்குலம், மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு 31 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தோளில் கழுத்து ஓரத்திலிருந்து மார்பின் மேலாக மார்புக்குக் கீழ்வரை டேப் வைத்தால் 13 அங்குலம் வரும்; அங்கிருந்து கணுக்கால்வரை 39 அங்குலம். மேலுடலைச் சேலையின் முந்தியில் எடுப்பது நல்லது, ஏனெனில் ஜரிகை நெருக்கம் அங்கே மிகுதி, மேலுடலுக்குத் தேவைப்படும் துணியோ குறைவு. தளர்வு 2 அங்குலம் சேர்த்து மார்பில் கால் பங்கு ஒன்பதரை, கீழே ஓர் அங்குலம் மட்டும் சேர்த்துக் கால் பங்கு 8 என்று வரைய வேண்டும். முன்பக்கத்தில் மிஞ்சும் ஒன்றரை அங்குலத்தை டார்ட்டாக, அதாவது கூம்பிச் செல்லும் மடிப்பாகத் தைத்துப் பிடிக்காமல், மார்புக்கு நேர் கீழே சிறு சுருக்காக எடுத்தால்தான் அந்தக் காலத்துச் சாயல் வரும். பின்பக்கம் டார்ட் போடலாம். கழுத்தைச் சதுரமாக, ஐந்தரை அங்குல இறக்கத்தில் வைக்கலாம். முதலில் இதைக் காடாத் துணியில் வெட்டி, கையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பழைய பட்டில் தப்பு செய்தால் மாற்றுத்துணி கிடைக்காது.

மூன்று காலங்களும் ஒன்றோடொன்று மோதும் இடம் கைதான். 1890-களின் கை முழங்கைவரை உப்பியிருந்தது. அந்தக் காலத்து இடுப்பு இயல்பான இடத்தில், முழங்கைக்கும் கீழே இருந்ததால் அது அழகாக இருந்தது. நம் கவுனில் இடுப்புத் தையலே ஏறக்குறைய முழங்கை மட்டத்தில் வருகிறது. உப்பலையும் அதே மட்டத்தில் முடித்தால், உடம்பின் குறுக்கே ஒரே அகலமான பட்டை போட்டது போலாகி, மெலிந்த பெண்ணும் பருமனாகத் தெரிவார். ஆகவே இடுப்புத் தையலையே எசமானாக வைத்து, கையின் உப்பலைத் தோளிலிருந்து 8 அங்குலத்திற்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் முடிவு. சாதாரண முழுக்கைப் பேட்டர்னைக் காகிதத்தில் வரைந்து, மேல் வளைவிலிருந்து 8 அங்குல ஆழத்திற்கு ஐந்து நேர்க்கோடுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் ஒன்றரை அங்குலம் விசிறிபோல் விரித்து, மேல் வளைவின் உயரத்தை இன்னும் ஒன்றரை அங்குலம் ஏற்றி வரையுங்கள். அக்குள் பக்கம் இருபுறமும் நான்கு அங்குலத்திற்குச் சுருக்கு வரக்கூடாது. அங்கே சுருக்கு வந்தால் கையை இறக்கும்போது துணி திரண்டு உறுத்தும். மேலுடலின் ஷோல்டரை அரை அங்குலம் குறைத்து வெட்டினால் உப்பல் தோள் எலும்பின்மேல் நிமிர்ந்து நிற்கும். குறைக்காவிட்டால் சரிந்து தொங்கும். பட்டு தானாக நிற்காது என்பதால், மேல் வளைவுக்கு உள்ளே ஐந்து அங்குல அகலத்தில் கேன்கேன் நெட்டை (விறைப்பான வலைத்துணி) இரட்டையாக மடித்துச் சுருக்கி வைக்க வேண்டும்; 1830-களில் இதற்காகவே சிறகு அடைத்த சிறு திண்டுகளைக் கைக்குள் கட்டிக்கொண்டார்கள். மணிக்கட்டில் மூன்று அங்குலம் திறப்பு விட்டுக் கொக்கி வையுங்கள்.

பாவாடைக்குச் சேலையின் நீளத்தைச் சுற்றளவாக எடுத்தால் கரை தானாகக் கீழே அமைந்துவிடும், மடித்தடிக்கும் வேலையும் இல்லை. 88 அங்குலம் போதும். அதற்கு மேல் எடுத்தால் மார்புக்குக் கீழே சுருக்கு திரண்டுவிடும். முன்பக்கம் 34 அங்குலத்தைத் தளர்ந்த மடிப்புகளாகவும், பின்பக்கம் 54 அங்குலத்தை நெருக்கமான சுருக்காகவும் பிடித்து, இரண்டையும் 16, 16 அங்குலத்தில் அடக்க வேண்டும். அக்காலத்து கவுன்களிலும் முன்புறம் தட்டையாகவும் பின்புறம் சுருக்கு நிறைந்தும் இருந்தன.

கரைக்கு ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குல டக் ஒன்று, அதாவது இரண்டு அங்குலத் துணியை இரண்டாக மடித்துத் தைத்த மடிப்பு. அதற்கு மேலே அதேபோல் இன்னொன்று. குழந்தை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக அம்மாக்கள் பட்டுப்பாவாடையில் வைத்த அதே டக்தான். இங்கே அதன் வேலை வேறு: கீழே கனம் கொடுத்து, உயர்ந்த இடுப்பிலிருந்து விழும் துணி காற்றில் உப்பாமல் நேராக இறங்கச் செய்கிறது. சேலை அகலம் 46 அங்குலமானால், நீளம் 39, டக்குகளுக்கு 4, தையலுக்கு அரை என 43½ போக, மேலே இரண்டரை அங்குலம் மிஞ்சும். அது மேல்கரை; அதை வெட்டி எடுத்து, இடுப்புத் தையலின்மேல் பட்டையாக வைத்துத் தைத்தால் கீழ்க்கரையோடு பொருந்திவிடும்.

சேர்க்கும் வரிசை இதுதான்: மேலுடலின் ஷோல்டரும் பக்கத் தையலும், பிறகு கை, பிறகு பாவாடை, கடைசியில் கரைப் பட்டை. 11-ஆம் எண் ஊசியைப் புதிதாக மாட்டிக்கொள்ளுங்கள். மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுத்துவிடும். பின்புறத் திறப்புக்கு ஜிப் வேண்டாம். கவுன்களில் ஜிப் பரவலானது 1930-களுக்குப் பிறகுதான் என்பது ஒரு காரணம். நெருங்கிய சுருக்கின்மேல் அது விறைத்து நிற்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மேலே ஆறு கொக்கிகளும், பாவாடையில் ஏழு அங்குலத் திறப்பும் போதும்.

இஸ்திரியை உட்புறத்தில், மேலே மல் துணி விரித்து, மிதமான சூட்டில் போட வேண்டும். கைச் சுருக்கின்மேல் அழுத்தக் கூடாது. தைத்து முடித்த கவுனை ஹேங்கரில் நாள்கணக்கில் தொங்கவிட்டால், பாவாடையின் கனம் முழுவதையும் பழைய பட்டுத் தோள் தாங்க வேண்டியிருக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கைகளுக்குள் கசக்கிய காகிதம் வைத்துப் படுக்கையாக வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள்.