கவுன்டர்ஸ்பெல் சண்டை: கேம் மாஸ்டரிடம் மந்திர விதி பேசுவது எப்படி?

சென்ற மாதம் ஒரே ஒரு ஃபயர்பால் மந்திரத்துக்காக எங்கள் மேசையில் நாற்பது நிமிடம் வாதாடினேன். அதில் கற்றதை எழுதி வைக்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கானது இது. ஸ்பெல் ஸ்லாட், ரியாக்‌ஷன் எல்லாம் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். என் மந்திரவாதி தன் முறையில் மூன்றாம் நிலை ஸ்லாட்டில் ஃபயர்பால் போட்டான். எதிரி மந்திரவாதி ரியாக்‌ஷனாகக் கவுன்டர்ஸ்பெல் (இன்னொருவர் மந்திரத்தை அணைக்கும் மந்திரம்) போட்டான். "அந்தக் கவுன்டர்ஸ்பெல்லை நான் கவுன்டர்ஸ்பெல் பண்றேன் அக்கா" என்றேன். "உன் முறையில ஒரு ஸ்லாட்தான். முடியாது" என்றார் எங்கள் கேம் மாஸ்டர். முடியும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அங்கே ஆரம்பித்தது.

படி 1: எந்தப் புத்தகம் என்று முதலில் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் நான் தாண்டிப் போனேன். வாதத்துக்கு நடுவில் யாரோ இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, என்னுடையது 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அக்காவுடையது 2024.

2014 விதி போனஸ் ஆக்‌ஷனைத்தான் பார்க்கிறது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப்பை (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) தவிர வேறு மந்திரம் போட முடியாது. நான் போனஸ் ஆக்‌ஷனைத் தொடவே இல்லை. ஆகவே ஃபயர்பாலுக்குப் பிறகு ரியாக்‌ஷனில் கவுன்டர்ஸ்பெல் போடலாம். 2024 விதி ஸ்லாட்டை எண்ணுகிறது. ஒரு முறைக்குள் மந்திரத்துக்காக ஒரு ஸ்லாட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஃபயர்பாலுக்கு ஒன்று போய்விட்டது, அவ்வளவுதான். அவரவர் புத்தகப்படி இருவரும் சரி.

கூத்து இதோடு நிற்கவில்லை. கவுன்டர்ஸ்பெல்லே இரண்டு புத்தகத்திலும் வேறு வேறு. 2014இல் மூன்றாம் நிலைக்குள் இருக்கும் மந்திரம் தானாக அணைந்துவிடும், ஸ்லாட்டும் போய்விடும். அதைவிட உயர்ந்த மந்திரம் என்றால் 10உடன் மந்திர நிலையைக் கூட்டி வரும் எண்ணை எட்டும்படி பகடை உருட்ட வேண்டும். 2024இல் மந்திரம் போடுகிறவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கும் பகடை) உருட்டுவார். தோற்றால்தான் மந்திரம் வீண். அப்போதும் ஸ்லாட் செலவாகாது. அன்று அக்கா ஸ்லாட் விதியை 2024இலிருந்து எடுத்தார், கவுன்டர்ஸ்பெல்லைப் பழைய பழக்கத்தில் 2014 மாதிரியே நடத்தினார். எனக்கு ஒரு சேவ் இருந்தது, தோற்றிருந்தாலும் ஸ்லாட் மிச்சமாகியிருக்கும். அதைக் கேட்காமல், கிடைக்கவே முடியாத ஒன்றுக்காக நாற்பது நிமிடம்!

அதனால் பதிப்பைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த மந்திரமும் அதே புத்தகத்திலிருந்துதானா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 2: வாதம் எதைப் பற்றி என்று பிரியுங்கள்

புத்தகத்தில் உள்ள வரியைப் பற்றியா, அல்லது கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியா? கவுன்டர்ஸ்பெல் போட, 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவது உங்கள் கண்ணில் பட வேண்டும். இது புத்தக வரி, இதில் வாதாடலாம். ஆனால் எதிரி தூணுக்குப் பின்னால் முழுதாக மறைந்திருக்கிறானா, தோள் தெரிகிறதா என்பது கேம் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். தூண் அவருடையது. அங்கே விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. "நான் நிற்கிற இடத்திலிருந்து அவன் தெரிகிறானா?" என்று மந்திரத்தை அறிவிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: மந்திரத்தின் பத்தியை மட்டும் படிக்காதீர்கள்

புதியவர்கள் ஃபயர்பாலின் பத்தியையும் போனஸ் ஆக்‌ஷனில் போடும் மிஸ்டி ஸ்டெப்பின் பத்தியையும் படித்துவிட்டு, "ஒன்றாகப் போடக் கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்பார்கள். இரண்டிலும் இருக்காது. மந்திரம் போடுவது பற்றிய பொது அத்தியாயத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஸ்லாட் செலவழித்தால் இரண்டு பதிப்பிலும் கூடாது. பொது விதியும் மந்திரத்தின் பத்தியும் மோதினால் மந்திரத்தின் பத்திதான் ஜெயிக்கும். மோதாவிட்டால் பொது விதி அப்படியே நிற்கும்.

எதில் தேடுவது? விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 5.1 தொகுப்பு 2014 விதிகளுக்கு, 5.2 தொகுப்பு 2024க்கு. எல்லா மந்திரமும் இருக்காது, ஆனால் பொது விதி இருக்கும். மேசையில் செல்பேசிச் செயலி எனக்குப் பிடிக்காது. ஒரே பெயரில் இரண்டு பதிப்பு மந்திரமும் வந்து நிற்கும், அவசரத்தில் தவறானதைத் திறப்போம். என் மந்திரங்களைக் கையால் அட்டையில் எழுதி, மூலையில் ஆண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வடிவமைப்பாளர்கள் சமூக ஊடகத்தில் சொன்னதைக் காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். 2019 முதல் அந்தப் பதிவுகள் அதிகாரபூர்வத் தீர்ப்பு இல்லை. சேஜ் அட்வைஸ் என்ற அதிகாரபூர்வ விதிவிளக்கத் தொகுப்பில் வந்தால்தான் கணக்கு.

படி 4: ஒரு நிமிடம், ஒரே ஒரு தடவை

உங்கள் வாதத்தை ஒரே மூச்சில் சொல்லுங்கள், பக்கத்தைக் காட்டுங்கள். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் அடுத்த கேள்வி இது: "சரி, இது நடக்காது என்றால் நான் என் முறையில் வேறு செய்யலாமா?" பெரும்பாலும் விடுவார்கள். விதியை நம்பி எடுத்த முடிவுக்கு ஸ்லாட்டையும் இழக்க வைப்பதில் எந்த கேம் மாஸ்டருக்கும் சந்தோஷம் இல்லை. எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. வீம்பு.

படி 5: ஆட்டம் முடிந்ததும்

மறுநாள் தனியாகப் பேசுங்கள். நடந்த சண்டையைத் திருப்பி ஆடச் சொல்லாதீர்கள், இனி எப்படி என்று மட்டும் கேளுங்கள். அக்காவுக்கு இரண்டு பதிப்பின் வரிகளையும் படம் எடுத்து அனுப்பினேன். இனி முழுக்க 2024 என்று முடிவாயிற்று. அப்புறம் எதிரி கவுன்டர்ஸ்பெல் போட்டாலே மொத்த மேசையும் "சேவ்!" என்று கத்துகிறது.

பிற்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் கேட்டது. அவருடைய கிளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரம்) ஒரு கையில் கதாயுதம், இன்னொரு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம். பிளெஸ் (ஆசி மந்திரம்) போட அனுமதிக்கும் கேம் மாஸ்டர் கியூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) போட விடவில்லையாம். அநியாயமாகத் தெரியும், ஆனால் புத்தகப்படி அவர் சொல்வது சரி. பிளெஸ்ஸுக்குப் பொருள் தேவை. அதற்குப் பதில் சின்னத்தைப் பிடித்திருக்கும் கையே சைகையும் செய்யலாம். கியூர் வூண்ட்ஸுக்குச் சொல்லும் சைகையும் மட்டும்தான், பொருள் கிடையாது. ஆகவே சைகைக்கு ஒரு கை காலியாக வேண்டும், கதாயுதத்தை இடுப்பில் செருக வேண்டும். வார் காஸ்டர் ஃபீட் (பாத்திரத்துக்கு எடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் மேசையில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் கேம் மாஸ்டரிடமும் அப்படி விடலாமா என்று கேளுங்கள், ஆனால் விதியே அப்படித்தான் என்று வாதாடாமல், சலுகையாகக் கேளுங்கள்.