கை கழுவும் குழாய் இல்லை அது: ஜப்பானில் சுஷி, நூடுல்ஸ் கடைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வருடம் ஊரிலிருந்து வந்த மாமாவை டோக்கியோவில் ஒரு சுழலும் சுஷி கடைக்கு, அதாவது சோற்றின் மேல் மீன் வைத்த சுஷித் தட்டுகள் பட்டையில் சுற்றிவரும் கடைக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் அவர் கண்ணில் பட்டது மேசையோரம் சுவரில் பதித்திருந்த சின்னக் குழாய். "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவ மேசையிலயே குழாய் வெச்சிருக்கான் பாரு" என்று மெச்சிக்கொண்டே கையை நீட்டிக் கறுப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். நான் தடுப்பதற்குள் விரலில் கொதிநீர். அது தேநீருக்கான குழாய். கோப்பையில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, கோப்பையின் விளிம்பாலேயே அந்தப் பொத்தானைத் தள்ள வேண்டும். கை துடைப்பதற்கு ஈரத்துண்டு தனியாகத் தருவார்கள். அதிலும் முகம், கழுத்தெல்லாம் துடைக்க வேண்டாம், கைக்கு மட்டும்தான்.

இதைப் போய் யார் எழுதி வைப்பார்கள்? இணையத்தில் தேடினால் சாப்பிடும் குச்சியை எப்படிப் பிடிப்பது, எப்படி வைப்பது என்றுதான் பக்கம் பக்கமாக வருகிறது. அதில் இரண்டு மட்டும் முக்கியம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குச் சோறு படைப்பது அப்படித்தான். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றிக் கொடுக்காதீர்கள், தகனம் முடிந்து எலும்பு பொறுக்குவது அப்படித்தான். காடாத்து பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றபடி நீங்கள் குச்சியைக் கோணலாகப் பிடித்தாலும், முடியாமல் முள்கரண்டி கேட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில், அதையும் கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார் என்பதால் பத்து நாளும் அதே தவறைச் சந்தோஷமாகச் செய்துவிட்டு விமானம் ஏறிவிடுவோம்.

சுழலும் சுஷியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிராயிஷி யோஷியாகி என்பவர் பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்துப் பிடித்த யோசனை இது, 1958இல் ஒசாகா பக்கம் முதல் கடை வந்தது. பட்டையில் வரும் தட்டை எடுத்தால் எடுத்ததுதான், ஐயோ இது ஆக்டோபஸா என்று திரும்ப வைக்கக் கூடாது. 2023இல் ஒரு பையன் பொதுவில் வைத்திருந்த சோயா சாஸ் பாட்டிலை நக்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியதிலிருந்து இந்த விஷயத்தில் எல்லோருக்கும் பயம் அதிகம். பல கடைகள் பட்டையில் தட்டுகளைச் சுற்றவிடுவதையே குறைத்துக்கொண்டு, திரையில் தொட்டு ஆர்டர் கொடுத்தால் நேராக உங்கள் மேசைக்கு அனுப்பும் முறைக்கு வந்துவிட்டன. இன்னமும் பட்டை சுற்றும் கடைகளில் வேறு மேசைக்கு என்று குறியிட்டு வரும் தட்டை எடுத்துவிடாதீர்கள். பல கடைகளில் தட்டின் நிறத்துக்குத் தகுந்த விலை, அதைப் பார்க்காமல் தங்க நிறத் தட்டாக அடுக்கிவிட்டுப் பில்லைப் பார்த்து முழிப்பவர்களும் உண்டு.

அப்புறம் வசாபி, சுஷியோடு வரும் காரமான பச்சை விழுது. சோயா சாஸில் அதைக் கரைத்துப் பச்சைச் சேறாக்குவது மகா பாவம் என்று எழுதியிருப்பார்கள். மலிவான கடையில் ஜப்பானியர்களே அப்படிக் கரைப்பதை நான் தினம் பார்க்கிறேன், அங்கே பரவாயில்லை. ஆனால் சமையற்காரர் எதிரே நின்று பிடித்துக் கொடுக்கும் கடையில் வேண்டாம். அவர் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் தேவையான அளவு வசாபியை ஏற்கெனவே தடவியிருப்பார், பல சமயம் மேலே சாஸும் பூசியிருப்பார். காரம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே 'சபிநுகி' என்று சொல்லிவிட்டால் போதும். நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு இன்னொன்று: இட்லியைச் சாம்பாரில் ஊறப் போடுவதுபோல் சோற்றுப் பக்கத்தைச் சாஸில் அமுக்குவது. சோறு பாதி உதிர்ந்து கிண்ணத்தில் மிதக்கும், மீதி உப்புக் கரிக்கும். சுஷியை லேசாகச் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் தொட்டால் போதும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதுவும் முறைதான், நமக்கு இதைவிட வசதி என்ன? மீனை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குவதுதான் அந்த மனிதரை உண்மையிலேயே வருத்தப்பட வைக்கும், ஏனென்றால் அந்த வினிகர் சோறு இல்லாமல் சுஷியே இல்லை. கூடவே வைக்கும் இஞ்சி ஊறுகாய் சுஷியின் மேல் வைக்க அல்ல, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தமாக்க.

எட்டுப் பத்து பேர் மட்டுமே உட்காரும் விலை உயர்ந்த கடை என்றால் இரண்டு விஷயம். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள், உங்கள் தலைக்கு இத்தனை துண்டு என்று கணக்குப் பார்த்துத்தான் காலையில் மீன் வாங்கியிருப்பார்கள், முழுப் பணத்தையும் கார்டில் பிடித்துக்கொள்ளும் கடைகள் நிறைய. இன்னொன்று வாசனை. சென்ட், அத்தர் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனால் பக்கத்து இருக்கைக்காரருக்கு அன்றைக்கு மீன் முழுக்க மல்லிகை மணம்தான். ஒருவேளை அவர் அதற்குத்தான் 30000 யென் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? இன்னும் ஒன்று, கையேடுகளில் படித்துவிட்டுத் தேநீரை 'அகரி' என்றும் பில்லை 'ஓஐசோ' என்றும் கேட்காதீர்கள். அவை கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள், வாடிக்கையாளர் சொன்னால் பந்தா மாதிரி இருக்கும். பில்லுக்கு 'ஓகைகே' போதும். டிப்ஸ் வேண்டாம், வைத்தால் துரத்தி வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

சரி, சூடான சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடைக்கு வருவோம். நிறைய கடைகளில் நுழைந்ததும் நேராகப் போய் உட்கார முடியாது, வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கிறதே என்று பதற வேண்டாம், இடது மேல் மூலைப் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன ராமென்தான். சிக்கல் நோட்டில் வரும். பல இயந்திரங்கள் 1000 யென் நோட்டை மட்டுமே விழுங்கும். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது பழைய இயந்திரங்கள் அவற்றைத் துப்பின. இயந்திரத்தை மாற்ற ஆகும் செலவு சின்னக் கடைக்காரருக்குப் பெரிய தொகை, அதற்காக விலையை ஏற்றலாம் என்றால் ஒரு கிண்ணம் 1000 யெனைத் தாண்டினால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம், அதற்கு '1000 யென் சுவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எனவே சில்லறையும் 1000 யென் நோட்டுகளும் பையில் இருக்கட்டும், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது 10000 யென் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

வரிசையில் ஒருவரை நிறுத்திவிட்டு ஐந்து பேர் கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்துகொள்வதும், ஒரு கிண்ணம் வாங்கி மூன்று பேர் பங்கு போடுவதும் இங்கே எடுபடாது. தலைக்கு ஒரு கிண்ணம். சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், காபி கடை மாதிரி உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடமில்லை அது. ஃபுகுவோகா பாணிக் கடையில் இன்னொரு தவறு நானே செய்திருக்கிறேன். அங்கே நூடுல்ஸை மட்டும் மறுபடி வாங்கலாம், 'கயேதமா' என்பார்கள். நான் ருசியில் சாற்றை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு கயேதமா கேட்டேன். வந்த வெறும் நூடுல்ஸை எதில் போட்டுச் சாப்பிடுவது?

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைத் தவறுகள். சைவர்கள் செய்யும் தவறுதான் பெரியது. 'நிகு நாஷி', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். கடைக்காரர் தலையாட்டுவார், மேலே வைக்கும் பன்றித் துண்டுகளை எடுத்துவிடுவார், பல மணி நேரம் பன்றி எலும்பை வேகவைத்து எடுத்த அந்த வெள்ளைச் சாறு அப்படியேதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் இறைச்சி என்பது கடிக்கும் துண்டு. சோபா (பக்வீட் தானிய நூடுல்ஸ்), ஊடோன் (கோதுமை நூடுல்ஸ்) கடையில் சாறு தெளிவாக இருப்பதால் சைவம் என்று தோன்றும், அதன் அடிப்படையான தாஷி பெரும்பாலும் கத்சுஓபுஷி போட்டது. அது என்ன என்று நமக்குச் சொல்வது எளிது: மாசிக் கருவாடுதான். இலங்கையில் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அதுவும் ஒரே சூரை மீன், இங்கே அதைச் சருகுபோல் சீவிக் கொதிக்க விடுகிறார்கள். முட்டை சுஷியிலும் தாஷி சேரும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மகி ஓரளவு பயமில்லாதது. கான்பியோ மகி என்று ஒன்று உண்டு, சுரைக்காயை நாடாவாகச் சீவிக் காயவைத்துச் சோயா சாஸில் இனிப்பாக வேகவைத்தது, நல்லாயிருக்கும், ஆனால் வேகவைத்த சாற்றில் தாஷி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மது தொடாதவர்கள் மிரின் என்ற இனிப்பான சமையல் மது பற்றியும் கேட்க வேண்டும், நூடுல்ஸ் சாறுகளில் அது சகஜம். ராமென் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற சைவர்களை நான் டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் தான்தானுக்கு அனுப்பிவிடுவேன், அங்கே எல்லாமே தாவர உணவு. டிக்கெட் வாசலுக்கு உள்ளே இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சோபாவில் ஒவ்வாமையும் உண்டு, சிலருக்கு மூச்சு முட்டும் அளவுக்கு. சரி, கோதுமை ஊடோன் வாங்கிக்கொள்கிறேன் என்பதும் சரிவராது, பல கடைகளில் இரண்டையும் ஒரே கொதிநீரில்தான் வேகவைக்கிறார்கள். தன்சேவை ஊடோன் கடை என்றால் சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உறிஞ்சிச் சாப்பிடும் சத்தம்? உறிஞ்சலாம், உறிஞ்சாமலும் சாப்பிடலாம், யாருக்கும் கவலையில்லை.

குளிர்ந்த சோபா சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிவப்புக் கூஜாவில் கலங்கலான வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். நிறைய பேர் அதைத் தொடாமலேயே எழுந்துவிடுகிறார்கள். சோபா வேகவைத்த தண்ணீர் அது, தொட்டுக்கொள்ள வைத்த சாற்றின் மீதியில் ஊற்றிக் குடிக்க வேண்டும். மாமா அதற்குள் சூடு கண்ட பூனை. கூஜாவிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, "இது கை கழுவ இல்லையே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஊற்றச் சொன்னார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நம்ம வடிகஞ்சிடா இது" என்றார். கூஜா காலியாகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.