ஹைவே 1ல ட்ரெயிலர் இழுத்துட்டு போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

கலிஃபோர்னியால சான் பிரான்சிஸ்கோவை சுத்தி இருக்கற பே ஏரியா நம்மாளுங்க நிறைய பேர் கேம்பிங் ட்ரெயிலர் எடுத்துட்டு ஹைவே 1ங்கற கடலோர ரோட்ல மான்டரேலேர்ந்து பிக் சர் மலைப்பகுதி வழியா பிஸ்மோ பீச் வரைக்கும் போகலாமான்னு கேக்கறாங்க. தாராளமா போங்க. ஆனா முக்காவாசி பேர் கார்ல போறதுக்கு போடற பிளானையே போட்டுட்டு பின்னாடி ஒரு வீட்டையும் மாட்டிக்கறாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல வெயிட். "என் எஸ்யூவி 5000 பவுண்டு இழுக்கும், ட்ரெயிலர் 4000 தான்"னு கணக்கை அதோட முடிச்சுடறோம். ட்ரெயிலரோட மூக்கு உங்க வண்டி ஹிட்ச் (ட்ரெயிலரை மாட்டற கொக்கி) மேல அழுத்துது பாருங்க, அதுக்கு பேரு டங் வெயிட், மொத்த வெயிட்ல 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும், அதாவது 4000க்கு 400லேர்ந்து 600 பவுண்டு. அது உங்க வண்டி பேலோட்லேர்ந்துதான், அதாவது வண்டி சுமக்கக்கூடிய மொத்த வெயிட்லேர்ந்துதான் கழியும். டிரைவர் கதவை தொறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கற நம்பர்லதான் குடும்பம், மாமனார் மாமியார், லக்கேஜ், இந்த 500 பவுண்டு எல்லாம் அடங்கணும். பல வண்டில அடங்காது.

சரி டங் வெயிட்டை குறைச்சுடலாம்னு சாமானெல்லாம் ட்ரெயிலரோட பின்பக்கம் ஏத்தினா அதைவிட மோசம். நாங்க அதைத்தான் பண்ணோம். மூணு நாள் ட்ரிப்புக்கு எதுக்கு கிரைண்டர்னு கேக்காதீங்க, எடுத்துட்டு போனோம், கூடவே அரிசி மூட்டை, தண்ணி கேன், எல்லாமே பின் பெட்டுக்கு அடியில. கில்ராய் ஊர் தாண்டி ஹைவே 101ல ஒரு பெரிய லாரி பக்கத்துல போனதும் ட்ரெயிலர் வால் ஆட்ட ஆரம்பிச்சுது பாருங்க, உசிரே போச்சு. அந்த நேரத்துல கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா புடிச்சுட்டு, பிரேக் கன்ட்ரோலர் (ட்ரெயிலர் பிரேக்கை கார்லேர்ந்தே இயக்கற கருவி) இருந்தா ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் கையால அழுத்தணும். கனமான சாமான் ட்ரெயிலர் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) கொஞ்சம் முன்னாடி, தரையோட தரையா இருக்கட்டும். தண்ணி டேங்க்கையும் மறந்துடாதீங்க, 30 கேலன்னாலே கிட்டத்தட்ட 250 பவுண்டு.

அடுத்தது நேரம். பிக் சருக்கு வடக்கே இருக்கற கார்மெல்லேர்ந்து தெற்கே சான் சிமியன் வரைக்கும் 90 மைல் சொச்சம்தான, ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம்னு மேப் சொல்லும். நம்பாதீங்க. ட்ரெயிலர் இழுத்தா கலிஃபோர்னியால எந்த ரோட்லயும் 55 மைலுக்கு மேல போகக்கூடாது, பிக் சர் வளைவுல அதுல பாதி போனாலே பெருசு. பின்னாடி 5 வண்டி சேர்ந்துட்டா டர்ன்அவுட்ல (ரோட்டோரம் ஒதுங்கறதுக்கு விட்டிருக்கற இடம்) ஒதுங்கி வழி விடணும், அதுவும் சட்டம். அதனால வடக்கேலேர்ந்து தெற்கே போங்க, கடலும் கடல் பக்க டர்ன்அவுட்டும் வலது கை பக்கமே வரும். பிக்ஸ்பி பாலத்துல நிறுத்தி போட்டோ எடுக்கற ஆசையை விட்டுடுங்க, அங்க காருக்கே இடம் கிடைக்காது.

இந்த ரோடு அப்பப்ப கடலுக்குள்ள போயிடும், சும்மா சொல்லல. 2017ல மட் கிரீக்ல மலையே சரிஞ்சு அடுத்த வருஷம் ஜூலைலதான் தொறந்தாங்க, 2021 ஜனவரில ராட் கிரீக்ல ரோட்டையே மழை அடிச்சுட்டு போச்சு. கிளம்பறதுக்கு முந்தின நாள் கால்ட்ரான்ஸ் (கலிஃபோர்னியா ரோட்டு துறை) சைட்டை பாத்துட்டு, மூடியிருந்தா உள்பக்கமா போற 101ல போயிடுங்க. மேப் நாசிமியென்டோ ஃபெர்குசன் ரோட்ல திருப்பி விட்டா திரும்பாதீங்க, ட்ரெயிலரோட போற ரோடு இல்ல அது. ஃபைஃபர் பீச்சுக்கு இறங்கற ரோட்லயும் ட்ரெயிலருக்கு அனுமதி கிடையாது.

தங்கற இடம் போற வழில பாத்துக்கலாம்னு நினைச்சா ராத்திரி நடுரோடுதான், ரோட்டோரம் தூங்கவும் விடமாட்டாங்க. ஸ்டேட் பார்க் புக்கிங் 6 மாசம் முன்னாடி காலைல 8 மணிக்கு தொறக்கும், நம்மூர் தட்கல் மாதிரிதான், 8:01க்கு போனா காலி. ஃபைஃபர் பிக் சர் ஸ்டேட் பார்க்ல 27 அடிக்கு மேல ட்ரெயிலர் விடறதில்ல, ட்ரெயிலருக்கு கரன்ட் இணைப்பும் (ஹூக்கப்) கிடையாது. கிர்க் கிரீக் கேம்ப்ல கடலை பாத்துட்டே தூங்கலாம், சூப்பர் இடம், ஆனா குடிதண்ணி கிடையாது, நாமதான் கொண்டு போகணும்.

டயர் பளபளன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க. ட்ரெயிலர் டயர் ஓடித் தேயறதைவிட நின்னே வீணாப் போறதுதான் அதிகம். டயர் சைடுல டிஓடி (DOT)னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி 4 எண்ணை பாருங்க, 3219ன்னா 2019ல 32வது வாரம் செஞ்சது, அப்படி பழசா இருந்தா வாடகைக்கு குடுக்கறவர்கிட்ட மாத்தித் தரச் சொல்லிட்டு அப்புறம் மாட்டுங்க.

ஜூன் ஜூலைல போனா ஸ்வெட்டர் வேணும், மத்தியானம் வரைக்கும் பனிமூட்டம், கடலே தெரியாது. எங்களுக்கு செப்டம்பர்தான் புடிச்சுது. கார்மெல்லயே பெட்ரோல் டேங்க்கை ரொப்பிடுங்க, நடுவுல பெட்ரோல் விலை வயித்தெரிச்சல். போன் சிக்னலும் பாதி வழி இருக்காது, மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிடுங்க.