எத்தனையா, எவ்வளவா? ஆங்கிலத்தில் நாம் இடறும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். சென்ற மாதம் ஒரு தம்பி தன் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி எடுத்துவந்தார். இரண்டு ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்தவர். 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியிருந்தார். 'கொஞ்சம் அனுபவம் உண்டு' என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் படிக்கிறவருக்கு அது 'அனுபவம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் பொருள்படும். 'லிட்டில்' தனியாக நின்றால் குறையைச் சொல்லும். 'எ லிட்டில்' என்றால்தான் கொஞ்சமாவது இருக்கிறது என்று பொருள். 'எ' என்ற ஒற்றை எழுத்து விடுபட்டது அவர் உழைப்பையே மறைத்துவிட்டதே என்று எனக்கு மனம் பதைத்தது. 'டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று மாற்றிக் கொடுத்தேன். கையில் கணக்கு இருக்கும்போது கணக்கையே எழுதிவிடுவது நல்லது.

எண்ணக்கூடியவற்றுக்கு இதே வேறுபாடு 'ஃபியூ', 'எ ஃபியூ' என்று வரும். 'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். 'எ' இல்லாவிட்டால், வரவேண்டியவர்கள் வரவில்லை என்ற ஏமாற்றம் தொனிக்கும்.

எண்ணக்கூடியவற்றுக்கு 'மெனி', அளவாகப் பார்ப்பவற்றுக்கு 'மச்'. இந்தக் குழப்பத்துக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. 'நிறைய', 'கொஞ்சம்' இரண்டும் படகுக்கும் வரும், தண்ணீருக்கும் வரும். அதனால் அவை உதவாது. 'எத்தனை' போட்டுப் பாருங்கள். 'எத்தனை படகு' சரியாக ஒலிக்கிறது, எனவே 'மெனி'. 'எத்தனை தண்ணீர்' என்பதைக் காது ஏற்காது; எனவே 'மச்'. 'எவ்வளவு' போட்டுச் சோதிக்காதீர்கள். பேச்சில் 'எவ்வளவு பேர்' என்றும் சொல்லிவிடுகிறோம்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதுண்டு. பண்ருட்டிச் சாலையோரம் முழுப் பலாப்பழங்கள் குவிந்திருந்தால் 'ஹவ் மெனி ஜாக்ஃப்ரூட்ஸ்'. அதையே அறுத்து, பிசின் துடைத்து, சுளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் 'ஹவ் மச் ஜாக்ஃப்ரூட்'. முதுநகர்த் துறைமுகத்தில் வலையில் துள்ளும் மீனுக்கு 'மெனி ஃபிஷ்'. வீட்டில் குழம்புச் சட்டிக்கு வந்த மீனுக்கு 'மச் ஃபிஷ்'. முழு உருவமாகப் பார்த்தால் எண்ணிக்கை, உணவாகப் பார்த்தால் அளவு.

நம் 'எத்தனை' கைவிடும் இடம்தான் ஆபத்தானது. அறிவுரைகள், தகவல்கள், செய்திகள், தட்டுமுட்டுச் சாமான்கள் என்று நாம் 'கள்' சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எதையும் எண்ண முடியாது. 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' இரண்டுமே தவறு. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. 'நியூஸ்' கடைசியில் 'ஸ்' இருந்தாலும் ஒருமைதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் தகவலுக்கும் அறைகலனுக்கும் பன்மை உண்டு. ஆகவே தமிழ், பிரெஞ்சு இரண்டுமே அவர்களைத் தவறான பக்கம் இழுக்கும். இந்த ஏழு சொற்களுக்குக் குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான்.

'எவ்ரி' வந்தால் 'ஒவ்வொரு மாணவரும்' என்பதுபோல ஒருமை. 'எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்' வேண்டாம்.

'லெஸ் பஸ்ஸஸ்' என்று ஆங்கிலேயர்களே பேச்சில் சொல்வதுண்டு. பேருந்துகளை எண்ணலாம் என்பதால் தேர்வில் 'ஃபியூவர் பஸ்ஸஸ்' என்றே எழுதுங்கள். ஆனால் தூரம், காலம், பணம் ஆகியவற்றை மொத்த அளவாகப் பார்ப்பதால் எண்ணோடு வந்தாலும் 'லெஸ்' சரி. கடலூரிலிருந்து புதுச்சேரி 'லெஸ் தென் தேர்ட்டி கிலோமீட்டர்ஸ்' என்பதில் பிழையில்லை.

'ஐ ஹேவ் மச் மனி' இலக்கணப்படி தவறல்ல, இயல்பாக இல்லை, அவ்வளவுதான். 'மச்' கேள்வியிலும் மறுப்பிலும்தான் பாந்தமாக இருக்கும். சாதாரண வாக்கியத்தில் 'எ லாட் ஆஃப்' போடுங்கள். அது நம் 'நிறைய' போல, படகுக்கும் வரும், தண்ணீருக்கும் வரும்.