ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே மட்டும் வரலை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. உடனே கேபினெட்டைத் திறந்து ரேமைப் பிடுங்குவதுதான் பலருக்கும் வழக்கம். பாதி நேரம் அது பலித்துவிடுகிறது, அதுதான் வம்பு. பலிக்காத நாளில் ரேம், பேட்டரி, கிராபிக்ஸ் கார்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றி மாட்டுவோம். கடைசியில் எது பழுது, எது நாம் கெடுத்தது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆன் செய்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

திறக்காமலே தெரிபவை

மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்து மறைகிறதா? அப்படியானால் மானிட்டருக்குக் கரண்ட் வருகிறது, படம்தான் வரவில்லை. அந்த எழுத்தும் வராவிட்டால் மானிட்டரின் அடாப்டரையும் பவர் கார்டையும் பாருங்கள். அதே கேபிளில் ஒரு லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் மானிட்டர், கேபிள் இரண்டின் நிலையும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். மானிட்டர் மெனுவில் இன்புட் விஜிஏ-வில் நிற்க, கேபிள் எச்டிஎம்ஐ-யில் இருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து கீபோர்டு. ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து நம்லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் பெரும்பாலும் எழுந்துவிட்டன. படம் வெளியே வரும் வழியில்தான் தடை. விளக்கு அசையவில்லை என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே எங்கோ நின்றுவிட்டது. கம்பெனி லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் இருட்டானால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். அது டிரைவர் அல்லது ரெசல்யூஷன் கோளாறு, கேபினெட்டைத் திறக்காதீர்கள்.

கேபிளை எந்த போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது, கேபினெட்டின் மேல்பக்கம் மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் மாட்டிவிட்டுத் திணறுபவர்கள் ஏராளம். கார்டின் போர்ட்டுகள் அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருக்கும். இன்டெல்லில் 12400எஃப் போல எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் பிராசசரில் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் படமே வராது. ஏஎம்டி-யின் ரைசன் 3600, 5600 போன்றவற்றிலும் அப்படித்தான். அந்தத் தலைமுறைகளில் 'ஜி' இருந்தால்தான் உண்டு.

ரேம் விஷயத்தில்

கைவைக்கும் முன் எஸ்எம்பிஎஸ்-இன் (கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்பக்க ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டையும் உருவுங்கள். ஷட்டவுன் செய்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சில போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிவதே அதற்கு அடையாளம். அந்த நிலையில் ரேமை உருவினால் ரேமும் போகலாம், ஸ்லாட்டும் போகலாம். பவர் கார்டை உருவியதும் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள்.

காற்றில் ஈரமும் தூசியும் உள்ள ஊர்களில் ரேமின் பொன்னிறப் பட்டைகளில் மங்கல் படிவது சகஜம். அதற்கு வெள்ளை அழிரப்பர் போதும். ரேமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்த்து, துகளை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் அதில் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. மேலே இருப்பது மிக மெல்லிய தங்க முலாம். அது உரிந்தால் அடுத்த மாதமே மறுபடியும் டிஸ்ப்ளே போகும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்புவதுதான்.

திரும்பச் செருகும்போது இன்னொரு தவறு. பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். கிளிப் பக்கம் 'கிளிக்' என்று பிடித்ததும் முடிந்துவிட்டது என்று நினைப்போம்; மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளையும் தனித்தனியாக அழுத்துங்கள், பிறகு பக்கவாட்டிலிருந்து பட்டைகள் சமமாக உள்ளே போயிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ரேம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். சோதிக்கும்போது ஒன்றை மட்டும் போடுங்கள். வரவில்லையா, அதே ஸ்லாட்டில் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

பொறுமையின்மையும் ஒரு தவறுதான். டிடிஆர்5 ரேம் போட்ட புதிய போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும், புதிய ரைசன்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் குறிப்பாக. அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். ஒரு நிமிடத்தில் பட்டனை அழுத்தி அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

வயரில் நடக்கும் கோளாறு

24 பின் வயர் மட்டும் மாட்டி, பிராசசருக்கான 4 அல்லது 8 பின் வயரை மறந்தாலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. போர்டின் மேல் இடது மூலையில் ஹீட்சிங்க்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அதைத் தவறவிடுவது எளிது. அந்தச் சாக்கெட்டில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 வயரைத் திணிக்காதீர்கள். இரண்டும் 8 பின் என்றாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருக்கும். பொருந்தாத வடிவம் அதைத் தடுக்கத்தான். வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்-இல் இன்னொரு கம்பெனி வயரை, அளவு சரியாக இருக்கிறதே என்று மாட்டுவதும் அதே ரகம். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின்களின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது.

பேப்பர் கிளிப் சோதனையைப் பலரும் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 24 பின்னில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றும். அதற்கு, அது ஆன் ஆகிறது என்பது மட்டும்தான் அர்த்தம். சுமை ஏறும்போது தாங்குமா என்பது தெரியாது. போர்டில் மாட்டி ஓடும்போது மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் நிறத்தை நம்பாமல் பின்களின் வரைபடத்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். கரண்ட்டை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றும் முன்

எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு ரேம் வேகத்தை ஏற்றிய பிறகு டிஸ்ப்ளே போயிருந்தால் பயாஸை (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) ரீசெட் செய்வது சரியான மருந்து. பவர் கார்டை உருவி, போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி வைத்தால் போதும். ஆனால் விண்டோஸ் 11 மெஷின் என்றால் ஒரு கேள்வி: டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா? ரீசெட்டில் செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்புகள் மாறினால் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரீசெட் செய்தபின் போர்டு தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழலாம், பயப்பட வேண்டாம்.

போர்டே சொல்வதைக் கேட்காமல் விடுவதும் தவறுதான். புதிய போர்டுகள் பலவற்றில் ஓரமாக சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் தடை. பழைய போர்டில் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினால் பீப் சொல்லும். எண்ணிக்கையின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஆசுஸ் போர்டில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் ரேம், ஒரு நீளம் மூன்று குட்டை என்றால் கிராபிக்ஸ் கார்டு. உங்கள் போர்டின் மேனுவலைப் பாருங்கள்.

பழைய பி450 போர்டில் ரைசன் 5000, எச்610-இல் 13ஆம் தலைமுறை இன்டெல் என்று சேர்த்து வாங்கியிருந்தால் எல்லாப் பாகமும் நல்லதாகவே இருந்தும் இருட்டாக இருக்கலாம். பயாஸ் பழையது, அந்த பிராசசரை அதற்குத் தெரியாது. ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டில் பென்டிரைவிலேயே புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் அந்த போர்டுக்குத் தெரிந்த பழைய பிராசசரைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

பிராசசரைக் கழற்றுவது கடைசிக்கும் கடைசி. பழைய ரைசன்களின் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராகத் தூக்கினால், காய்ந்த பேஸ்ட் பிடித்திழுத்து பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். இயலுமானால் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, பவர் கார்டை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல்லில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். மூடியைத் திறந்ததும் வெளிச்சத்தில் போனில் ஒரு குளோசப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசையில் ஒரு புள்ளி மட்டும் வேறு திசையில் மின்னினால், அந்தப் பின்தான் வளைந்திருக்கிறது.