போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன்: ஒரே ஸ்டாண்ட்பைய நம்பி சிங்க் போடாதீங்க

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல எழுதுற மெயின் சர்வர் பிரைமரி, அதோட டேட்டாவ அப்பப்ப காப்பியா வாங்கி வச்சுக்குற இன்னொரு சர்வர் ஸ்டாண்ட்பை, இந்த காப்பி வேலை தான் ரெப்ளிகேஷன். ஸ்டாண்ட்பை மெஷின்ல பேஸ்பேக்கப் கமாண்ட கேப்பிட்டல் ஆர் ஆப்ஷனோட ஓட்டுனா டேட்டாவும் வந்துடும், பிரைமரியோட கனெக்‌ஷன் விவரத்தையும் அதுவே எழுதிக்கும், ஸ்டார்ட் பண்ணா வேலை முடிஞ்சது. தலைவலியே அதுக்கப்புறம் தான்.

டீஃபால்ட்டா ஓடுறது அசிங்க் (ஸ்டாண்ட்பைக்காக காத்திருக்காத முறை). பிரைமரி தன் டிஸ்க்ல எழுதுன உடனே கமிட் ஓகேன்னு சொல்லிடும், ஸ்டாண்ட்பைக்குப் போச்சான்னு பாக்காது, அந்த கேப்ல பிரைமரி படுத்துட்டா பேமெண்ட் சக்சஸ்னு காட்டுன ரோ புது பிரைமரில இருக்காது. 2018 அக்டோபர்ல கிட்ஹப்ல வெறும் 43 செகண்ட் நெட்வொர்க் கட், அதுக்குள்ள அமெரிக்காவோட மேற்குப் பக்க மைஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸ் மாதிரி இன்னொரு டேட்டாபேஸ்) பிரைமரி ஆயிடுச்சு, கிழக்குல கடைசியா எழுதுனது அங்க போய்ச் சேரவே இல்ல, ரெண்டு பக்கமும் வேற வேற டேட்டா, சரி பண்ண 24 மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

சரி, ஸ்டாண்ட்பையும் வாங்குனப்புறம் தான் கமிட் ஓகேன்னு சொல்ற சிங்க் போடுவோம்னு ஒரே ஸ்டாண்ட்பைய வச்சு போட்டீங்கன்னா இன்னும் மோசம். அது ரீபூட் ஆனாலே பிரைமரில எல்லா கமிட்டும் தொங்கும், எரர் கூட வராது, ஆப் ஏன் நிக்குதுன்னு லாக்க பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. ரெண்டு ஸ்டாண்ட்பை வச்சு, சிங்க்ரோனஸ் ஸ்டாண்ட்பை செட்டிங்ல 'எனி 1' (ஏதாவது ஒண்ணு வாங்குனா போதும்) போட்டு ரெண்டு ஸ்டாண்ட்பையோட பேரையும் குடுங்க. வெர்ஷன் 10ல இருந்தே இது இருக்கு, எது முதல்ல வாங்குதோ அதோட கமிட் முடிஞ்சிடும்.

ஆனா சிங்க் போட்டாலும் ஸ்டாண்ட்பைல ரீட் பண்ணா பழசு வரலாம், வால் லாக் (மாற்றத்த எல்லாம் முதல்ல எழுதி வைக்கிற ஃபைல்) ஸ்டாண்ட்பையோட டிஸ்க்ல விழுந்தா போதும்னு தான் பிரைமரி காத்திருக்கும், அப்ளை ஆகுற வரைக்கும் இல்ல. யூசர் சேவ் பண்ண உடனே வர்ற பேஜ மட்டும் பிரைமரில இருந்து எடுங்க.

ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டாண்ட்பை வாங்குற வரைக்கும் வால் லாக்க பிரைமரில பிடிச்சு வைக்கிறது) வச்சா அதுக்கு சைஸ் லிமிட்டும் வைங்க (வெர்ஷன் 13ல வந்தது), இல்லன்னா செத்துப்போன ஸ்டாண்ட்பைக்காக வால் லாக் சேத்து வச்சே பிரைமரி டிஸ்க் ஃபுல் ஆயிடும்.

ஃபெயில்ஓவருக்கு (பிரைமரி படுத்தா ஸ்டாண்ட்பைய பிரைமரி ஆக்குறது) பிங் அடிச்சு ப்ரமோட் பண்ற ஸ்கிரிப்ட் எழுதாதீங்க, நெட்வொர்க் அறுந்தா ரெண்டு பிரைமரி வந்துடும். ஃபெயில்ஓவர தானா பாத்துக்குற பாட்ரோனி டூல் போடுங்க, கூட யாரு பிரைமரின்னு மெஜாரிட்டி வச்சு பதிஞ்சு வைக்கிற எட்சிடி 3 நோட், தனித்தனி ரேக்ல. 4 வச்சாலும் ஒண்ணு போனாத்தான் தாங்கும், ரெண்டு போகணும்னா 5 வேணும். பாட்ரோனி வந்தப்புறம் மேல சொன்ன எனி செட்டிங்க கையால தொடாதீங்க, அதோட சிங்க்ரோனஸ் மோட ஆன் பண்ணா அதுவே பாத்துக்கும்.

பழைய பிரைமரிய திரும்ப சேக்க ரீவைண்ட் டூல் இருக்கு, ஆனா டேட்டா செக்சம், வால் லாக் ஹிண்ட்ஸ்ங்கிற செட்டிங் ரெண்டுல ஒண்ணு முன்னாடியே ஆன்ல இருக்கணும். இல்லன்னா மொத்த டேட்டாவையும் முதல்ல இருந்து காப்பி பண்ணணும்.