பழைய டபுள் பேரல் துப்பாக்கி விக்கிறீங்களா, சேம்பர் நீளத்தை மொத வரியிலயே போடுங்க

லைசென்ஸ் துப்பாக்கி விக்க விளம்பரம் போடறவங்க "12 போர், நல்ல கண்டிசன்"னு மட்டும் போடாம, சேம்பர், அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற எடம், 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரான்னு மொத வரியிலயே போட்டுருங்க, கூடவே பேரலை வெளிச்சத்துப் பக்கம் காட்டி உள்ள பாத்த மாதிரி ஒரு போட்டோ. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் காட்டுப்பன்னித் தொல்லைக்காக லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க மொதல்ல கேக்கறதே இதுதானுங்க, ஏன்னா 70 மில்லி தோட்டா 65 சேம்பருக்குள்ளயும் போயிரும், ஆனா சுடறப்போ தோட்டாவோட வாய் முழுசா விரிய எடமில்லாம பிரஷர் எகிறிரும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கின்னா பேரலைக் கழட்டி அடிப்பக்கம் பாருங்க, 2½ இன்ச்னு அடிச்சிருந்தா 65, 2¾ன்னா 70. துரு தின்ன புள்ளி இருந்தா மறைக்காம போட்டோல காட்டிருங்க, நேர்ல வந்து பாத்துட்டு வெலையக் கொறைக்கறதுக்கு அது தேவலை. கட்டைக்கு பாலீஷ் போட்டு பளபளன்னு படம் புடிக்கறதெல்லாம் ஆருக்குங்க வேணும்!

லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர் ரெண்டையும் விளம்பரத்துல போடவேண்டாம், வாங்கறவரு லைசென்ஸைப் பாத்தப்பறம் குடுத்தாப் போதும். கலெக்டருக்கோ ஸ்டேசனுக்கோ எழுதிக்குடுத்து 45 நாள் கழிச்சுத்தான் கைமாத்தோணும், அதையும் ஒரு வரி சேத்துட்டா அவசரக்காரங்க கூப்புட மாட்டாங்க.

நேரா ஆர்ம்ஸ் டீலர்கிட்டயே குடுக்கறீங்கன்னா இந்த சேம்பர் அளவு, போட்டோவெல்லாம் வேண்டியதில்லீங்க, அவரே அளந்துக்குவாரு.